பேரெண்களை ஒப்பிடும் கலை: செம்பரம்பாக்கம் ஏரி முதல் கிரகாம் எண் வரை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் எல்லோரும் ஏரிக் கணக்கு பேச ஆரம்பித்துவிடுவோம். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இதைச் செய்திகளில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ஆனால் நகரம் முழுக்க 10 செ.மீ மழை பெய்தால் விழும் தண்ணீர் இந்த ஏரியை நிரப்புமா, பாதிதான் நிரப்புமா என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. எண்ணைத் தெரிந்து வைத்திருக்கிறோம். அதை இன்னொரு எண்ணின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கத்தான் பழகவில்லை.

பெரிய எண்களை மனக்கண்ணில் காண முயல வேண்டாம். ஒரு கோடியைக்கூட யாராலும் அப்படிக் காண முடியாது. ஒப்பிடக் கற்றுக்கொண்டால் போதும். எண்கள் வளர வளர ஒப்பிடும் கருவி மட்டும் மாறும். ஒவ்வொரு பேரெண்ணையும் பார்க்கும்போது, எந்தக் கேள்விக்குப் பதிலாக இது பிறந்தது என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி தெரிந்துவிட்டால் எண்ணின் மேலுள்ள பயம் போய்விடும்.

பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் படி: பூஜ்ஜியங்களை எண்ணுங்கள்

லட்சத்துக்கு 5 பூஜ்ஜியம், கோடிக்கு 7, மில்லியனுக்கு 6, பில்லியனுக்கு 9. லட்சம் கோடி என்றால் 5 + 7 = 12, அதாவது ஒரு டிரில்லியன். பெருக்கும்போது பூஜ்ஜியங்களைக் கூட்டுகிறோம், வகுக்கும்போது கழிக்கிறோம். இதைத்தான் 10¹² என்று சுருக்கி எழுதுகிறோம். மேலே நிற்கும் 12-தான் அடுக்கு.

இப்போது ஏரிக்கு வருவோம். 3,645 மில்லியன் கன அடி என்பது 3.645 × 10⁹ கன அடி. ஒரு கன அடியில் சுமார் 28.3 லிட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 1.03 × 10¹¹ லிட்டர். கோடியாக்க 7 பூஜ்ஜியம் கழித்தால் 10,300 கோடி லிட்டர்.

மழைக்கு ஒரு எளிய விதி உண்டு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ மழை என்றால் ஒரு லிட்டர். மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ, அதாவது 4.26 × 10⁸ சதுர மீட்டர். 10 செ.மீ என்பது 100 மி.மீ. ஆக 4.26 × 10¹⁰ லிட்டர், அல்லது 4,260 கோடி லிட்டர். ஏரியில் பாதிகூட இல்லை. நகரின் மேல் ஏறத்தாழ 24 செ.மீ கொட்டினால்தான் ஒரு செம்பரம்பாக்கம் ஆகும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவான மழை 49 செ.மீ. அந்த அளவு நகரம் முழுக்கப் பெய்திருந்தால் இரண்டு செம்பரம்பாக்கம் நம் தலையில் விழுந்த கணக்கு. அந்த வாரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் புரியும்.

இரண்டாம் படி: அடுக்கைப் பிடியுங்கள், மற்றதை விடுங்கள்

மெரினாவில் எத்தனை மணல் துகள்கள்? துல்லியமான பதில் யாரிடமும் இருக்காது, அது தேவையும் இல்லை. நீளம் 6 கி.மீ, சராசரி அகலம் 300 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 3.6 × 10⁶ கன மீட்டர். துகள் அரை மி.மீ என்றால் ஒரு மீட்டரில் 2,000 துகள்கள் வரிசையாக நிற்கும். ஒரு கன மீட்டரில் 2,000 × 2,000 × 2,000 = 8 × 10⁹. மொத்தம் சுமார் 3 × 10¹⁶.

ஆழத்தை நான் தவறாக ஊகித்திருக்கலாம். அது 4 மீட்டராக இருந்தால் விடை 6 × 10¹⁶ ஆகும், அடுக்கு அதேதான். இதில்தான் இந்த முறையின் வலிமை இருக்கிறது. உள்ளே போகும் ஊகங்கள் இரண்டு மடங்கு பிசகினாலும் வெளியே வரும் அடுக்கு பெரும்பாலும் அசையாது.

இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆர்க்கிமிடீஸ் இதைவிடத் துணிச்சலாகக் கேட்டார்: பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை துகள்? அன்றைய கிரேக்க மொழியில் எண் பெயர்கள் பத்தாயிரத்தோடு நின்றுவிட்டன. எனவே அவர் முதலில் ஒரு எண் முறையையே உருவாக்கினார். விடை, இன்றைய குறியீட்டில், 10⁶³-ஐத் தாண்டாது. நம் பக்கத்தில் பரிபாடலின் இரண்டாம் பாடல் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண் பெயர்களை அடுக்கிக் காலத்தின் நீளத்தைச் சொல்கிறது. அழகான பெயர்கள்தான். ஆனால் இரண்டு பெயர்களைப் பெருக்கி மூன்றாவதைக் கண்டுபிடிக்க அடுக்குதான் உதவும்.

மூன்றாம் படி: வாய்ப்புகளைப் பெருக்குங்கள்

கணிதத்தில் பேரெண்கள் பொருட்களை எண்ணுவதால் வருவதைவிட, வாய்ப்புகளை எண்ணுவதால்தான் அதிகம் வருகின்றன. ஒரு சீட்டுக்கட்டில் 52 சீட்டுதான். அவற்றை அடுக்கும் விதங்கள் 52 × 51 × 50 × … × 1, அதாவது சுமார் 8 × 10⁶⁷. மெரினாவின் மணல் இதன் முன்னால் கணக்கிலேயே வராது.

விஸ்வநாதன் ஆனந்தும் குகேஷும் வளர்ந்த ஊர் இது. அதனால் சதுரங்கத்தை விட்டுவிட முடியாது. 1950-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷனான் ஒரு கணக்குப் போட்டார். வெள்ளை ஒரு நகர்த்தல், கறுப்பு ஒரு நகர்த்தல் சேர்ந்தால் சுமார் 10³ வாய்ப்புகள். ஆட்டம் 40 சுற்று நீடிக்கும் என்று கொண்டால் (10³)⁴⁰ = 10¹²⁰ ஆட்டங்கள். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்கள் ஏறக்குறைய 10⁸⁰ என்பது வழக்கமான மதிப்பீடு.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 80-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மடங்கு என்று மனம் சொல்லும். அது தவறு. 10¹²⁰ என்பது 10⁸⁰-ஐப் போல் 10⁴⁰ மடங்கு. ஒவ்வொரு அணுவுக்கும் 10⁴⁰ ஆட்டங்களைப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம். அடுக்கில் ஒன்று கூடினால் எண் பத்து மடங்கு கூடுகிறது. இந்த ஒரு விஷயம் ஊறிவிட்டால் இந்த வழிகாட்டியின் பாதி வேலை முடிந்தது.

இந்த எண்ணுக்குப் பயன் என்ன? எல்லா ஆட்டங்களையும் வரிசையாகப் பார்த்து முடிவு சொல்லும் கணினி சாத்தியமில்லை என்பதை அது ஒரே வரியில் காட்டிவிடுகிறது. சதுரங்க மென்பொருள்கள் எல்லாம் கிளைகளை வெட்டியும் நிலைகளை மதிப்பிட்டும்தான் ஆடியாக வேண்டும்.

நான்காம் படி: இலக்கங்களை எண்ண மடக்கை

2-ஐ 2,048 முறை பெருக்கினால் எத்தனை இலக்கம் வரும்? பெருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. 2-இன் மடக்கை 0.30103, அதாவது 10-ஐ 0.30103 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 2 வரும். 2,048 × 0.30103 = 616.5. முழு எண் பகுதியோடு ஒன்று கூட்டினால் 617 இலக்கங்கள். பள்ளியில் மடக்கை அட்டவணையைப் புரட்டி அலுத்துப்போனவர்கள் இதை ஒரு முறை செய்து பாருங்கள். மடக்கை என்பது அடிப்படையில் இலக்கம் எண்ணும் கருவி.

அந்த 617-ஐ நான் சும்மா எடுக்கவில்லை. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ என்ற மறைகுறியாக்க முறையில் இன்று பரவலாகப் பயன்படும் சாவியின் நீளம் இது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி விடையை எல்லோருக்கும் தெரியும்படி வைக்கலாம். அந்த விடையிலிருந்து பழைய இரண்டு எண்களையும் பிரித்தெடுப்பதுதான் கடினம். ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்தால் சுமார் 10³⁰⁸ வரை போக வேண்டும். நொடிக்கு லட்சம் கோடி முறை, அதாவது 10¹² முறை, வகுக்கும் கணினியைப் பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து ஓட விட்டிருந்தாலும் அது 10³⁰ அளவில்தான் நிற்கும். இதைவிட மிகச் சாமர்த்தியமான முறைகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு 250 இலக்க எண் ஒன்றை 2020-இல் பிரித்தார்கள். 617 இன்னும் எட்டவில்லை.

ஓர் எண் பகா எண்தானா என்று சோதிப்பது, காரணிகளைக் கண்டுபிடிப்பதைவிட மிக எளிது. இலக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற நியாயமான நேரத்தில் இதை ஐயத்துக்கிடமின்றிச் செய்யலாம் என்று 2002-இல் நிறுவியவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. அறியப்பட்ட பகா எண்களில் மிகப் பெரியதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது 2^13,62,79,841 − 1 (^ குறிக்குப் பின் வருவது அடுக்கு). அதற்கு எத்தனை இலக்கம்? மேலே செய்த அதே பெருக்கல்தான். விடை 4,10,24,320. நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் மடக்கையை இன்னும் சில தசம இடங்கள் நீட்டி 0.30102999566 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: எவ்வளவு வேகமாக வளர்கிறது?

தனி எண்ணைவிட, எண்கள் வளரும் வேகத்தைப் பார்ப்பது கணிதத்தில் முக்கியம். இதைக் காட்ட எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ராமானுஜனுடையது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1913 ஜனவரியில் அங்கிருந்தே கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியவர், பின்னர் கேம்பிரிட்ஜில் ஹார்டியோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம்?

5-ஐ எடுங்கள். 5, 4+1, 3+2, 3+1+1, 2+2+1, 2+1+1+1, 1+1+1+1+1. மொத்தம் 7. பத்துக்கு 42. ஐம்பதுக்கு 2,04,226. நூறுக்கு 19,05,69,292. இருநூறுக்கு 39,72,99,90,29,388, அதாவது கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி. சிறு பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்வி, பதிலோ இவ்வளவு பெரியது. இருநூறு வரையிலான மதிப்புகளை மக்மஹன் என்ற கணிதவியலாளர் கையால் கணக்கிட்டு வைத்திருந்தார். 1918-இல் வெளியான ஹார்டி–ராமானுஜன் சூத்திரத்தில் எட்டே உறுப்புகளைக் கூட்டியபோது வந்த விடை, மக்மஹனின் எண்ணிலிருந்து 0.004 மட்டுமே விலகியிருந்தது. பதின்மூன்று இலக்க எண்ணில் ஆயிரத்தில் நான்கு பங்கு! முழு எண்ணாக்கினால் சரியான விடையே கிடைத்துவிடுகிறது. பை, வர்க்கமூலம், அடுக்குக்குறி என்று தொடர்பில்லாதவைபோல் தெரிபவை எல்லாம் சேர்ந்து வெறும் கூட்டல் கணக்கின் விடையைத் துல்லியமாகச் சொல்கின்றன. இதைவிட வியப்பான ஒன்றை எண்ணியலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

சூத்திரத்தின் முதல் உறுப்பை மட்டும் எடுத்து மடக்கையாக்கினால் நமக்கு வேண்டிய கருவி கிடைக்கும். எண்ணின் வர்க்கமூலத்தை 1.114-ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து, எண்ணை 6.93-ஆல் பெருக்கி வருவதன் மடக்கையைக் கழியுங்கள். கிடைப்பது விடையின் அடுக்கு. 200-க்கு: 1.114 × 14.14 = 15.75, கழிக்க வேண்டியது 3.14, மீதி 12.61. அதாவது சுமார் 4 × 10¹². சரியாக வருகிறது.

கவனியுங்கள்: இங்கே இலக்கங்கள் வர்க்கமூலத்தின் வேகத்தில் வளர்கின்றன. 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கும்போது இலக்கங்கள் நேர் விகிதத்தில் வளர்கின்றன. 52 சீட்டு போன்ற வரிசைமாற்றங்களில் அதைவிடவும் வேகம். இலக்கங்களின் எண்ணிக்கை எப்படி வளர்கிறது என்று பார்த்தே எது எதை முந்தும் என்று சொல்லிவிடலாம்.

ஆறாம் படி: அடுக்கின் மேல் அடுக்கு

கூகோல் என்பது 10¹⁰⁰. கணிதவியலாளர் எட்வர்ட் காஸ்னரின் சகோதரி மகனான ஒரு சிறுவன் வைத்த பெயர். 10-இன் அடுக்காகக் கூகோலையே வைத்தால் கூகோல்பிளெக்ஸ்: 10^10^100. இப்படிப்பட்ட கோபுரங்களை மேலிருந்து கீழாகக் கணக்கிட வேண்டும். 3^3^3 என்பது 3^27. அதை 27^3 என்று போட்டால் வெறும் 19,683-தான் வரும்.

கோபுரங்களை ஒப்பிட இரண்டு பக்கமும் மடக்கை எடுத்து ஒரு மாடியைக் கழற்றுங்கள். கேள்வி: 1 முதல் கூகோல் வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வருவது பெரிதா, கூகோல்பிளெக்ஸ் பெரிதா? கூகோல்பிளெக்ஸின் மடக்கை 10¹⁰⁰. பெருக்கல் தொகையில் கூகோல் காரணிகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் மடக்கை 100-ஐ நெருங்கி நிற்கிறது. ஆக மொத்த மடக்கை ஏறத்தாழ 10¹⁰². பெருக்கல் தொகையே பெரிது. ஒரு துளி எழுதிப் பார்க்க முடியாத இரண்டு எண்களை ஐந்து வரியில் ஒப்பிட்டுவிட்டோம்.

இந்த உயரத்தில் பழைய உள்ளுணர்வு இன்னொரு வகையில் உடைகிறது. கூகோல்பிளெக்ஸை அதனாலேயே பெருக்கினால் 10^(2 × 10¹⁰⁰). கோபுரத்தின் உச்சியில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை.

இப்படிப்பட்ட கோபுரம் ஆராய்ச்சியில் எங்கே வந்தது? பகா எண்களை எண்ணும்போது. பத்து லட்சம் வரை 78,498 பகா எண்கள் உள்ளன. இந்த எண்ணிக்கையை மதிப்பிடும் மடக்கைத் தொகையீடு என்ற சூத்திரம் சுமார் 78,627 என்கிறது, அதாவது கொஞ்சம் அதிகம். 10¹⁹ வரை சோதித்தும் எங்கும் சூத்திரமே அதிகமாக இருக்கிறது. என்றென்றும் அப்படித்தான் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் இந்த நிலை எல்லையற்ற முறை தலைகீழாகும் என்று 1914-இல் லிட்டில்வுட் நிறுவினார். முதல் முறை எப்போது? பகா எண்களின் பரவல் பற்றிய, இன்னும் நிரூபிக்கப்படாத ரீமான் கருதுகோள் உண்மையானால் 10^10^10^34 என்ற எண்ணுக்குள் நடந்துவிடும் என்று 1933-இல் ஸ்கியூஸ் காட்டினார். இன்று அந்த எல்லை 1.4 × 10³¹⁶ அருகே இறங்கிவிட்டது. ஸ்கியூஸ் எண் ஓர் உத்தரவாதம்: இதற்குள் நடந்தே தீரும். முதலில் ஏதோ ஓர் எல்லை இருந்தால்தான் பின்னால் வருபவர்கள் அதைக் குறைக்க முடியும்.

ஏழாம் படி: அம்புகள்

கோபுரமே போதாதபோது டொனால்ட் நூத் 1976-இல் தந்த அம்புக்குறி உதவுகிறது. 3↑3 என்பது 3³ = 27. 3↑↑3 என்பது மூன்று 3-களால் ஆன கோபுரம்: 3^27 = 76,25,59,74,84,987. அதாவது 7.6 லட்சம் கோடி. 3↑↑4-இல் நான்கு மாடி. அதன் மதிப்பை எழுத முடியாவிட்டாலும் இலக்கங்களை எண்ணலாம்: 7.6 லட்சம் கோடியை 3-இன் மடக்கையான 0.477-ஆல் பெருக்கினால் சுமார் 3.6 லட்சம் கோடி இலக்கம். பக்கத்துக்கு 3,000 இலக்கம், புத்தகத்துக்கு 500 பக்கம் என்றால் 24 லட்சம் புத்தகங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 12 லட்சம் நூல்களுக்காகத் திட்டமிடப்பட்டது. அப்படி இரண்டு நூலகம் வேண்டும்.

3↑↑↑3 என்றால் கோபுரத்தின் உயரமே 7.6 லட்சம் கோடி மாடி. இங்கே இலக்கம் எண்ணுவதும் ஓய்ந்துவிடுகிறது. 3↑↑↑↑3-ஐ முதல் எண் என்று வையுங்கள். இரண்டாம் எண்ணில், இரண்டு 3-களுக்கு நடுவே முதல் எண் அளவுக்கு அம்புகள். மூன்றாம் எண்ணில் இரண்டாம் எண் அளவுக்கு அம்புகள். இப்படி 64-ஆவது எண்தான் கிரகாம் எண்.

இந்த எண் பிறந்த கேள்வி வண்ணம் தீட்டுவது பற்றியது. பல பரிமாணக் கனசதுரத்தின் எல்லா முனைகளையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்போ நீலமோ பூசுகிறோம். ஒரே தளத்தில் அமைந்த நான்கு முனைகளை இணைக்கும் ஆறு கோடுகளும் ஒரே நிறமாக வருவதை எவ்வளவு முயன்றும் தவிர்க்க முடியாத நிலை எத்தனை பரிமாணத்தில் தொடங்குகிறது? அப்படி ஒரு பரிமாணம் உண்டு என்று 1971-இல் கிரகாமும் ராத்ஸ்சைல்டும் நிறுவினார்கள். கிரகாம் எண் அதற்கான ஒரு மேல் எல்லை. கீழ் எல்லை இப்போது 13. மேல் எல்லையும் பின்னாளில் வெகுவாகக் குறைக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய எண்ணின் கடைசி இலக்கத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். 3-இன் அடுக்குகள் 3, 9, 7, 1 என்று நான்குக்கு ஒரு முறை சுழல்கின்றன. ஆகவே அடுக்கை 4-ஆல் வகுத்தால் வரும் மீதி தெரிந்தால் போதும். கிரகாம் எண் 3-களால் ஆன ஒரு பிரம்மாண்டக் கோபுரம். அதன் அடுக்கும் 3-இன் அடுக்குதான், அதற்கு மேலே இருப்பது ஒற்றைப்படை எண். 3-ஐ ஒற்றைப்படை முறை பெருக்கி 4-ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 3. சுழற்சியில் மூன்றாவது 7. கடைசி இலக்கம் 7. பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் மட்டு எண்கணிதம் இவ்வளவுதூரம் எட்டுகிறது.

எட்டாம் படி: எந்தச் சூத்திரமும் துரத்திப் பிடிக்காத வளர்ச்சி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1962-இல் டிபோர் ராடோ கேட்டார்: குறிப்பிட்ட எண்ணிக்கையில் விதிநிலைகள் கொண்ட, இரண்டே குறிகளைப் பயன்படுத்தும் டூரிங் எந்திரங்களில் (நாடாவில் கட்டம் கட்டமாகக் குறிகளைப் படித்தும் எழுதியும் நகரும் கற்பனைக் கணினிகள்), வெறும் நாடாவில் தொடங்கி என்றாவது நிற்கக்கூடியது அதிகபட்சம் எத்தனை அடி ஓடும்? 2 நிலைக்கு 6, 3-க்கு 21, 4-க்கு 107. 5 நிலைக்கு 4,71,76,870 என்பது உறுதியானது 2024-இல்தான். பல நாட்டு ஆர்வலர்கள் இணையம் வழியே கூடி முடித்த வேலை அது. இந்த வரிசை, கணினி கணக்கிடக்கூடிய எந்தச் சூத்திரத்தையும் ஒரு கட்டத்தில் முந்திவிடும். அம்புகளால் கட்டியதும் அதில் அடக்கம். ஓர் எந்திரம் நிற்குமா நிற்காதா என்பதைப் பொதுவாகக் கண்டறிய வழியில்லை என்பதே காரணம். இந்தத் திசையில் ஆழமாகப் போக விரும்பும் மாணவர்களுக்குத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியின் சென்னை கணிதக் கழகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

பயிற்சி

இந்த ஐந்தையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 2⁵⁰⁰, கூகோல், ஷனானின் சதுரங்க எண், 1 முதல் 100 வரையிலான பெருக்கல், 10,000-ஐக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கும் விதங்கள். கூகோலின் அடுக்கு 100, ஷனானுடையது 120. 2⁵⁰⁰-க்கு 500 × 0.30103, அதாவது 150.5. நூறு வரையிலான பெருக்கலுக்கு 1 முதல் 100 வரை மடக்கைகளைக் கூட்டினால் கிட்டத்தட்ட 158. கடைசியானதற்கு ஐந்தாம் படியின் கருவி: 10,000-இன் வர்க்கமூலம் 100, அதை 1.114-ஆல் பெருக்கினால் 111.4. 69,300-இன் மடக்கை 4.84. மீதி 106.56. ஆக அது கூகோலுக்கும் சதுரங்கத்துக்கும் நடுவில், 107 இலக்கங்களோடு நிற்கிறது.